விசுவாசம் கிருபைக்குக் கொடுக்கும் விலை அல்ல

கிருபையினால் இரட்சிப்பு என்று ஒரு வாரம் பிரசங்கத்தில் கேட்கிறோம், விசுவாசித்தால் இரட்சிக்கப்படுவாய் என்று அடுத்த வாரம் கேட்கிறோம். சரி, இரண்டில் எது நம்மை இரட்சிக்கிறது? இந்தக் கேள்வி திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வரும், கல்யாணமாகிப் புதிதாகச் சபைக்கு வந்த மருமகளுக்கும் வரும், சின்ன வயசிலிருந்து ஆலயத்துக்கு வந்துகொண்டிருக்கிற பெரியவருக்கும் வரும். பெரியவர் வெளியே கேட்கத் தயங்குவார், அவ்வளவுதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரட்சிப்பது தேவனுடைய கிருபை. அதைப் பெற்றுக்கொள்வது விசுவாசம். பவுல் எபேசு சபைக்கு எழுதிய கடிதத்தில், 2-ஆம் அதிகாரம் 8, 9 வசனங்களில், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறார்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." காரணம் கிருபை, வழி விசுவாசம், வேர் முழுக்க தேவனிடத்தில். நம்மில் ஒருவரும் நெஞ்சை நிமிர்த்தி "நான் சம்பாதித்தேன்" என்று சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையில் மீதி எல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம்தான்.

எதிலிருந்து இரட்சிப்பு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதன் தேவனை விட்டு விலகிப் போனான், அந்த விலகலைத்தான் வேதம் பாவம் என்கிறது, அதன் முடிவு மரணம் என்கிறது. நாம் செய்த தனித்தனித் தப்புகள் எல்லாம் அந்த விலகலிலிருந்து முளைப்பவை. அதனால் தப்புகளைக் குறைத்துக்கொள்வது மட்டும் விலகலைச் சரிசெய்துவிடாது. உறவு திரும்ப வேண்டும், அதை நம் பக்கத்திலிருந்து நாமே கட்டி எழுப்ப முடியாது என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கையின் தொடக்கப் புள்ளி.

அடுத்து கிருபை. கத்தோலிக்கர்கள் அருள் என்று சொல்வதும் இதைத்தான். தகுதி இல்லாதவனுக்குத் தேவன் காட்டுகிற தயவு என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம், அது சரியான விளக்கம்தான், ஆனால் அதோடு நிறுத்தினால் கிருபை ஏதோ தேவனுடைய மனநிலை மட்டும் என்பதுபோல் ஆகிவிடும். வேதத்தில் கிருபை ஒரு செயல். இயேசு கிறிஸ்து வந்தார், சிலுவையில் மரித்தார், உயிர்த்தெழுந்தார், அந்த நடந்த காரியத்தில் தேவன் நமக்காகச் செய்ததுதான் கிருபை. ரோமர் 5:8 இதை எந்த நேரத்தில் செய்தார் என்றும் சொல்கிறது: "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்." நாம் திருந்திய பிறகு இல்லை, வருத்தப்பட்டு அழுத பிறகும் இல்லை. நாம் விசுவாசித்ததைப் பார்த்துவிட்டு "சரி, இவனுக்காக ஏதாவது செய்யலாம்" என்று தேவன் எழுந்து வரவில்லை. நாம் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார். விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வரிசையை மறக்கக் கூடாது, மறந்தால்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

அப்புறம் விசுவாசம். கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வதை விசுவாசம் என்று பலர் நினைக்கிறார்கள். யாக்கோபு 2:19 அதற்கு நேராகப் பதில் சொல்கிறது: தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. பிசாசுக்குத் தகவல் குறைவில்லை, இயேசு யார் என்று சுவிசேஷங்களில் அசுத்த ஆவிகள்தான் பல இடங்களில் முதலில் கத்துகின்றன. அவற்றிடம் இல்லாதது வேறு. பழைய இறையியலாளர்கள் விசுவாசத்தில் மூன்று அடுக்குகளைப் பார்த்தார்கள்: செய்தியை அறிவது, அது உண்மை என்று ஒப்புக்கொள்வது, அந்தக் கிறிஸ்துவின்மேலேயே நம்மைச் சாய்த்துவிடுவது. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் இருக்கலாம். பைபிள் வினாடி வினாவில் பரிசு வாங்கிக்கொண்டே, தன் பாவத்துக்குத் தானே ஈடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் நம் சபைகளில் உண்டு, நல்ல மனிதர்கள், ஆனால் களைத்துப் போனவர்கள். அவர்களுக்கு இன்னும் ஒரு கட்டளை தேவையில்லை. சாய்ந்துகொள்ள இடம் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

இங்கேதான் நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கான காரணம் வருகிறது. கிரியையினால், அதாவது நம் செயல்களால், இரட்சிப்பு இல்லை என்று நாம் எல்லாரும் வாயால் சொல்கிறோம், சொல்லிவிட்டு விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றிவிடுகிறோம். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குப் போகிறவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள்: "தம்பி, உன் விசுவாசம் இன்னும் போதலைப்பா, அதான் காரியம் நடக்கலை." "அக்கா, சந்தேகப்படாமல் ஜெபித்திருந்தால் அந்தக் கட்டி கரைந்திருக்கும்." சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் கீமோ ஏறிக்கொண்டிருக்கிற கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். இயேசு அந்த அக்காவுக்காகச் செய்து முடித்தது பின்னால் போய்விடுகிறது. அக்காவின் மனசுக்குள் எவ்வளவு உறுதி இருக்கிறது என்பது முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடம்பு வலிக்கிற நேரத்தில் தன் மனசையே தோண்டித் தோண்டி அளக்க வைக்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

வேதம் அப்படிப் பேசவில்லை. மாற்கு 9-ல் வலிப்பு வந்து துடிக்கிற மகனோடு வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொன்னார். பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம், அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். இயேசு அவரிடம் "போய் முழு விசுவாசத்தோடு திரும்பி வா" என்று சொல்லவில்லை, பையனைச் சுகமாக்கினார். கடுகுவிதை அளவு விசுவாசம் போதும் என்று மத்தேயு 17:20-ல் சொன்னதும் அவர்தான். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள், இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனுக்குப் பாவமன்னிப்பைச் சொன்னார் என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதாகக்கூட அங்கே இல்லை.

பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டோம். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பது. 2 தீமோத்தேயு 4:20-ல் போகிற போக்கில் ஒரு வரி வரும், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் நோயாளியாக விட்டுவந்தேன் என்று. சுகமாகவில்லை, விட்டுவந்தார். துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. "விசுவாசம் போதவில்லை" என்று நோயாளியின் படுக்கையருகில் பேசுகிற ஒவ்வொருவரும் இந்த ஒரு வரியை வாசித்துவிட்டுப் போகலாம்.

விசுவாசம் எவ்வளவு என்பது கேள்வி இல்லை, யார்மேல் என்பதுதான் கேள்வி.

பவுல் இதை நிரூபிக்க ஆபிரகாமிடம் போகிறார், ரோமர் 4 முழுக்க அதுதான். அங்கே ஒரு கால வரிசை வாதம் இருக்கிறது, பொறுமையாகப் பார்த்தால் மிக அழகானது. ஆதியாகமம் 15:6-ல் ஆபிரகாம் (அப்போது இன்னும் ஆபிராம்) கர்த்தரை விசுவாசித்தார், அதைக் கர்த்தர் அவருக்கு நீதியாக எண்ணினார் என்று வருகிறது. அதற்கு அடுத்த அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிராமுக்கு வயது 86. விருத்தசேதனம் பண்ணப்பட்டது 17-ஆம் அதிகாரத்தில், அப்போது வயது 99. அதாவது நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் உடன்படிக்கையின் அடையாளத்தைச் சரீரத்தில் பெற்றுக்கொண்டதற்கும் இடையில் குறைந்தது 13 வருஷம். மோசேயின் நியாயப்பிரமாணம் வந்ததோ நூற்றாண்டுகள் கழித்து. அப்படியென்றால் எந்தச் சடங்கைச் செய்ததால், எந்தச் சட்டத்தைக் கைக்கொண்டதால் அவர் நீதிமான் ஆனார்? எதனாலும் இல்லை. தேவன் ஒரு வாக்குக் கொடுத்தார், அவர் அதை நம்பினார். வேலை செய்தவனுக்கு வரும் கூலி கடன், அது கிருபை ஆகாது என்று அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனம் சொல்கிறது. மாசக் கடைசியில் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறும்போது முதலாளி நமக்கு உபகாரம் செய்தார் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? 16-ஆம் வசனத்தில் பவுல் முடிச்சைப் போடுகிறார்: கிருபையினால் உண்டாகும்படிக்குத்தான் அது விசுவாசத்தினாலே வருகிறது. விசுவாசம் ஏன் என்றால், வெறும் கையாக வருவதற்கு அது ஒன்றுதான் வழி. உபவாசம் என்று சொல்லியிருந்தால் எத்தனை நாள் என்று கேட்டிருப்போம், காணிக்கை என்று சொல்லியிருந்தால் எத்தனை ரிங்கிட் என்று கேட்டிருப்போம், ஏழைகள் பின்வாங்கியிருப்பார்கள்.

இந்த இடத்தில் நம் இந்து நண்பர்களும், சில சமயம் நம் வீட்டுப் பெரியவர்களும் கேட்கிற கேள்வி நியாயமானது. "நம்பினால் போதும் என்றால், என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டுக் கடைசி நேரத்தில் நம்பிவிடலாமே?" இதைக் கேட்டுக் கோபப்பட வேண்டியதில்லை. பவுலிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், கிருபை பெருகும்படிப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் 6-ஐத் தொடங்கி, "கூடாதே" என்று ஒரே அடியில் வெட்டுகிறார். அவர் சொல்லும் காரணம் தண்டனைப் பயம் இல்லை. கிறிஸ்துவோடு சேர்ந்தவன் பழைய வாழ்க்கைக்கு மரித்துவிட்டான், மரித்ததில் திரும்பப் போய் எப்படிக் குடியிருப்பான் என்கிறார்.

சகேயுவின் கதையில் (லூக்கா 19) இந்த வரிசையைக் கண்ணாலேயே பார்க்கலாம். வரி வசூலிப்பவர்களின் தலைவன், ஊரை ஏய்த்துச் சேர்த்தவன். இயேசு மரத்தடியில் நின்று, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று முதலில் சொல்கிறார். சகேயு அதுவரை ஒரு காசும் திருப்பித் தரவில்லை, தருகிறேன் என்று வாக்குக்கூடக் கொடுக்கவில்லை. ஊரே முணுமுணுக்கிறது. அதற்குப் பிறகுதான் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப என்று அவன் எழுந்து நிற்கிறான். எபேசியர் 2-லும் 8, 9 வசனங்களை வாசித்துவிட்டு 10-ஐ விட்டுவிடக் கூடாது, நற்கிரியைகளைச் செய்வதற்கே கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அடுத்த மூச்சிலேயே இருக்கிறது. யாக்கோபு "கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது" என்று சொல்வதும் பவுலுக்கு எதிரானதில்லை, பவுல் இரட்சிப்பின் வேரைப் பற்றிப் பேசுகிறார், யாக்கோபு செத்த மரத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பேசுகிறார். கடைசி நேரத்தில் நம்பினவனும் ஒருவன் உண்டு, சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளன், அவனையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் கடைசி நேரம் வரட்டும் என்று திட்டம் போட்டுக் காத்திருக்கிறவன் கிறிஸ்துவை நம்பவில்லை, தன் திட்டத்தைத்தான் நம்புகிறான்.

இப்போது கொஞ்சம் கடினமான கேள்வி. அந்த விசுவாசம் எங்கிருந்து வருகிறது? நானே முடிவெடுத்து நம்புகிறேனா, தேவன் எனக்குள் அதை உண்டாக்குகிறாரா? தமிழ் வைணவர்களிடம் கிட்டத்தட்ட இதே வடிவத்தில் ஒரு நீண்ட விவாதம் உண்டு. வடகலையார் குரங்குக்குட்டியைச் சொல்வார்கள், தாய்தான் தூக்கிப் போகிறது, ஆனாலும் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. தென்கலையார் பூனைக்குட்டியைச் சொல்வார்கள், அது ஒன்றும் செய்வதில்லை, தாய் வாயில் கவ்விக்கொண்டு போகிறது. கடவுள் யார், மீட்பு என்ன என்பதில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு பெரியது. இருந்தாலும் கிறிஸ்தவர்களுக்குள்ளும் இந்த இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த உதாரணம் தமிழருக்கு நன்றாக உதவும்.

5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலேகியு என்பவர், மனிதன் தன் சுயசித்தத்தாலேயே நன்மையைத் தேர்ந்துகொள்ள முடியும் என்று போதித்தார். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் பிஷப்பாக இருந்த அகுஸ்தீன் அதை எதிர்த்தார், 418-ல் கார்த்தேஜில் கூடிய பிஷப்புகளின் சங்கம் பெலேகியுவின் போதனையைத் தள்ளியது. 529-ல் இன்றைய பிரான்சிலுள்ள ஒராஞ்சு நகரத்தில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி போய், விசுவாசத்தின் தொடக்கமே கிருபையின் வேலைதான் என்றது. தனியாக எழுந்து நடந்து தேவனிடம் போகிற குட்டி என்று ஒன்று கிடையாது என்பதில் சபை அன்றைக்கே தெளிவாகிவிட்டது. மீதி விவாதம் பற்றிக்கொள்வதைப் பற்றித்தான். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் வழிவந்தவர்கள் பூனைக்குப் பக்கம், 1618-19-ல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கம் அதை உறுதிப்படுத்தியது. 18-ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி வேறு மாதிரிச் சொன்னார்: பற்றிக்கொள்கிற பலமே நமக்கு இல்லை, ஆனால் முந்திவரும் கிருபை எல்லாருக்கும் அந்தப் பலத்தைத் தருகிறது, அதை ஏற்கவும் மறுக்கவும் நம்மால் முடியும். என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால் பூனையின் பக்கம்தான், ஆனால் வெஸ்லியின் பிள்ளைகளோடு இதற்காகச் சண்டை போட மாட்டேன்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இந்தச் சரித்திரம் தூரத்தில் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் நடந்தால் லுத்தரன் ஆலயம், மெதடிஸ்ட் ஆலயம், கத்தோலிக்க ஆலயம் மூன்றையும் பார்க்கலாம். தரங்கம்பாடியில் 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கியதில் தொடங்கிய தமிழ் லுத்தரன் மரபு, தமிழர்களோடு கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. இந்த மூன்று வீட்டுக்காரர்களில் லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும் ஒரு காலத்தில் இந்தக் கிருபை, விசுவாசம் பற்றிய கேள்விக்காகப் பிரிந்தவர்கள். விசுவாசத்தினால் மாத்திரமே நீதிமான் ஆகிறோம் என்று 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தர் சொன்னார். அதைத் தாங்கள் புரிந்துகொண்ட பொருளில் கத்தோலிக்கத் திருச்சபை 1547-ல் திரிதெந்து சங்கத்தில் மறுத்தது. அதே சங்கம், கிறிஸ்துவின் அருள் இல்லாமல் மனிதன் தன் செயல்களால் நீதிமான் ஆகலாம் என்பவனையும் கண்டித்தது, இதைப் புரட்டஸ்டன்ட் சபைகளில் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "கத்தோலிக்கர் கிரியையினால் இரட்சிப்பு என்கிறார்கள்" என்று நம் ஆட்கள் சர்வசாதாரணமாகப் பேசுவது உண்மைக்கு மாறானது, அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும்.

வெஸ்லியின் கதையும் லுத்தரோடு பின்னிக்கிடக்கிறது. அவர் குருவாக அபிஷேகம் பெற்றவர், அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய்த் திரும்பியவர், ஒழுக்கத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனாலும் உள்ளே நிச்சயம் இல்லை. 1738 மே 24 அன்று மாலை லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துவை, கிறிஸ்துவை மாத்திரமே, நம்புகிறேன் என்று அந்த மாலையில் தனக்கு நிச்சயம் வந்ததாக அவர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அத்தனை வருஷ ஊழியத்துக்குப் பிறகும் அவருக்குத் தேவைப்பட்டது இன்னும் அதிக முயற்சி இல்லை, இதுதான்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியினால் எதுவும் இல்லை, கிருபையினால் மாத்திரமே, கிறிஸ்துவின் மீட்பின் செயலை விசுவாசிப்பதில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், பரிசுத்த ஆவி நம்மைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006-ல் சியோலில் உலக மெதடிஸ்ட் பேரவையும் இதோடு சேர்ந்துகொண்டது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த மூன்று ஆலயங்களிலும் ஞாயிறு காலையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இந்த அளவுக்கு ஒரே வார்த்தையைச் சொல்லலாம் என்று அவர்களுடைய சபைகளே ஒத்துக்கொண்டிருக்கின்றன.

புதிதாக வந்தவர்கள் கடைசியாகக் கேட்பது: "நான் உண்மையாகவே விசுவாசித்தேனா என்று எப்படித் தெரியும்?" உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது. ஒரு நாள் விசுவாசம் நிறைய இருப்பதுபோல் தோன்றும், மறுநாள் வேலையிடத்தில் ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே வறண்டுவிடும். கிறிஸ்து செய்து முடித்தது நாளுக்கு நாள் மாறுவதில்லை, அதனால் அதைப் பாருங்கள். அந்தத் தகப்பனைப்போல, இருக்கிற விசுவாசத்தோடும் இருக்கிற அவிசுவாசத்தோடும் அவரிடமே போய்ச் சொல்லலாம், அப்படிப் போவதற்குப் பெயர்தான் விசுவாசம்.

வாசிக்க விரும்புகிறவர்கள் ரோமர் 3 முதல் 6 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் கலாத்தியர். யாக்கோபை அதற்குப் பிறகு எடுங்கள், முதலிலேயே எடுத்தால் பயந்துபோய்த் திரும்பவும் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். பவுலின் தமிழ் வாக்கியங்கள் நீளமாகவும் சுற்றிச் சுற்றியும் போனால் உங்கள் சபைப் போதகரிடமோ ஃபாதரிடமோ தயங்காமல் கேளுங்கள், இதைச் சொல்லித்தருவதுதான் அவர்களுடைய முதல் வேலை.